தண்ணீர் டியூப்

பிரிக்பீல்ட்ஸ் கடையில் அப்பா புடவையைத் தன் தோளில் போட்டுக் காட்டித்தான் விற்பார். நான் ஆய்வகங்களுக்குச் சாயம் ஏற்றிய ஆன்டிபாடி விற்கிறவன். என் ரத்தத்திலேயே போட்டுக் காட்டுவேன். நோய் எதிர்ப்பு அணுக்களின் மேலுள்ள ஏற்பிகளில் அது போய் ஒட்டிக்கொள்ளும். லேசர் பட்டால் பச்சையாக மின்னும்.

சுங்கை வே ஆய்வகத்தில் டாக்டர் வசுந்தரா சரியென்றால் வருஷ ஆர்டர் எனக்கு. ஐஸில் இரண்டு டியூப் வைத்தார். ஒன்றில் என் ரத்தம், ஒப்பிட்டுப் பார்க்க இன்னொன்றில் வெறும் உப்புத் தண்ணீர். இரண்டிலும் என் சரக்கை விட்டார்.

ஒரு டியூப்பை லேசர் கருவியில் ஓட்டியதும் திரையில் பச்சைப் புள்ளிகள் குவிந்தன.

"பாத்தீங்களா டாக்டர், பத்துமலைத் திருவிழாக் கூட்டம்!" என்று துள்ளினேன்.

"துள்ளாதீங்க லோகன். இது தண்ணி டியூப்."

ரத்த டியூப்பை ஓட்டினார். ஒரு புள்ளிகூட இல்லை.

"மாத்தி வச்சிட்டீங்க லா."

என் கண்ணெதிரே புது டியூப்கள் எடுத்து, மறுபடி என் விரலைக் குத்தினார். தண்ணீர் ஜொலித்தது. என் ரத்தம் இருட்டாகவே கிடந்தது.

டாக்டருக்கு உற்சாகம் தாங்கவில்லை. "இப்படி நான் பார்த்ததே இல்ல! ஆர்டர் உங்களுக்குத்தான். ஆனா இந்தத் தண்ணி டியூப் எனக்கு வேணும்."

பிறந்ததிலிருந்து நானாக விலையை இறக்கியது அன்றைக்குத்தான்.

"பாதி விலைக்கு எடுத்துக்குங்க டாக்டர். டியூப்பை மட்டும் என்கிட்ட குடுத்துடுங்க. அதுல மின்னுறது என்னோடது."

வெகுநேரம் பேரம் பேசி, ஐஸிலிருந்த டியூப்பை வாங்கிச் சட்டைப் பையில் போட்டேன். நெஞ்சு கதகதப்பானது. அதுவரை குளிர்ந்து கிடந்ததே எனக்குத் தெரிந்திருக்கவில்லை.