கருமாயி விட்ட கை

நிலக்கரியிலிருந்து வடித்த தார் ஒரு பீப்பாயில் கிடந்தது. அதற்குள் கருமாயி என்ற துகள் தன் தங்கைகளின் கைகளை இறுக்கிப் பிடித்திருந்தாள். எல்லாத் துகள்களும் அப்படியே பிடித்திருந்ததால் தார் நகரவே இல்லை. வெளியே வெடிப்பு விட்ட படகொன்று காத்திருந்தது.

அதே கரியில் பிறந்த மெல்லிய எண்ணெயைப் படகுக்காரர் பீப்பாயில் ஊற்ற, அதன் துகள் ஒருத்தி உள்ளே வந்தாள்.

"அக்கா, ஒரு கையை எங்கிட்ட கொடு."

"விட்டா இவளுங்க தொலைஞ்சிடுவாளுங்களே!"

"நடுவுல நான் இருக்கேன்ல?"

கருமாயி தயங்கித் தயங்கி ஒரு கையை விட்டாள். அவளைப் பார்த்து மற்றவர்களும் விட்டார்கள். தார் இளகியது; படகுக்காரர் படகின் மேல் ஊற்றியதும் ஓடி வெடிப்பை நிரப்பியது.

வெயில் ஏறியதும் எண்ணெய்த் துகள் ஆவியாகத் தொடங்கினாள்.

"எங்கடி போற?" என்று கருமாயி பதறினாள்.

"என் உடம்பு லேசுக்கா, நிக்க முடியாது. நீ தங்கச்சிங்களைப் பிடிச்சுக்க."

அவள் காற்றோடு கலக்கும்வரை கருமாயி அந்தக் கையை விடவில்லை. பிறகுதான் தங்கைகளை இழுத்து அணைத்துக்கொண்டாள். தார் இறுகியது. மறுநாள் கடலில் படகுக்குள் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட வரவில்லை.