யானையார் சொன்னது

குளக்கரைப் பலகையில் கிளி மாதம் ஒரு பொன்மொழி எழுதும். இந்த மாதம், "வயிற்றால் நகர்கிறவனுக்குத்தான் வழியிலுள்ள முள்ளெல்லாம் தெரியும் – யானையார்" என்று எழுதியிருந்தது.

நத்தைக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தவளையிடம் அது வாய்விட்டுச் சொன்ன வார்த்தையாச்சே.

"கிளியக்கா, அது நான் சொன்னது. என் பேரைப் போடுங்க. யானை எங்கேயாவது வயிற்றால நகருமா?"

"போடி, நத்தை சொல்லிச்சுன்னா எவன் நின்னு படிப்பான்?"

நத்தை விடவில்லை. மூன்று நாள் ஊர்ந்துபோய் யானையையே சாட்சிக்குக் கூட்டிவந்தது.

யானை பலகையைப் பார்த்துவிட்டு, "இதை நான் சொல்லவே இல்லையே, தாயி. நத்தை சொன்னதாத்தான் இருக்கும்" என்றது.

கிளிக்குக் கண் கலங்கிவிட்டது. "என்ன அடக்கம், பாருங்க" என்று பழையதை அழித்துவிட்டுப் புதிதாக எழுதியது: "இதை நான் சொல்லவே இல்லை – யானையார்."

கூட்டம் முண்டியடித்துப் படித்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டது. மிதிபடாமல் இருக்க நத்தை ஓட்டுக்குள் ஒடுங்கிக்கொண்டது.