மதகுக்கு அப்பால்

தேர்ச் சக்கரம் ஏறி மாணிக்கவேல் மறுபடியும் செத்தார்.

போனை மேசைமேல் போட்டார். "கேம்ல ஏதோ கோளாறுமா. மதகாண்ட வந்தாலே சாவறேன்."

"கோளாறு இல்ல சார். ரோடு நேரா போவுது. நீங்க வலது பக்கம் தள்ளுறீங்க" என்றாள் அபி.

காந்தி ரோட்டில், பட்டுக் கடைக்கு மேலே ஒற்றை அறை அலுவலகம். மாணிக்கவேல் முதலாளி, அபி கேம் செய்கிறவள். மறுநாள் அவர் ஊரில் தேர்த் திருவிழா. அதற்குள் 'தேர் ஓட்டம்' இரண்டாம் பாகம் வெளிவந்துவிட வேண்டும் என்றிருந்தார்.

மேசையில் மூன்று போன்கள் இருந்தன. ஒன்றில் பனிமலையில் ஒருவன் ஓடினான், கரடி துரத்தியது. இன்னொன்றில் துறைமுகத்துச் சரக்குப் பெட்டிகள்மேல் ஒருத்தி ஓடினாள், நாய்கள் துரத்தின. இவர்களுடையதில் பின்னால் தேர் வந்தது.

கரடி ஆட்டத்தில் படம் அழகு, விளம்பரத் தொல்லை அதிகம். நாய் ஆட்டம் விரல் பட்டதும் சொன்னபடி கேட்டது. இரண்டிலும் பாதை முடியவே இல்லை. போகப் போகப் புது இடம்.

அவர் ஊர்த் தெருவை வைத்துச் செய்த 'தேர் ஓட்டம்' முதல் பாகம் அப்படி இல்லை. பெரிய தெரு முடிகிற மதகில் பாதை வலதுபுறம் திரும்பிக் கோயிலுக்கே வந்துவிடும். முடிவே இல்லாத ஓட்டம் என்று சொல்லிவிட்டு ஒரே தெருவைச் சுற்ற விடுகிறீர்களே என்று ஆடியவர்கள் கேலி செய்திருந்தார்கள். அபி இந்த முறை அந்தத் திருப்பத்தை எடுத்துவிட்டாள்.

"மத்த கேம்காரன் போறான்னு நாமளும் நேரா போறதா?" என்றார் மாணிக்கவேல். "எங்க தாத்தா காலத்துலேர்ந்து தேர் அங்கதான் திரும்புது. மதகுக்கு அந்தாண்ட ஒண்ணுமே இல்ல."

மதகில் சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போட்டுத் தேரைத் திருப்புவது அவர் குடும்பத்து உரிமை. தாத்தா போட்டார், அப்பா போட்டார், இப்போது அவர். மதகைக் கண்டதும் விரல் தானாக வலப்பக்கம் போனது.

முதல் பாகத்துக்காக அவர் அபிக்குக் கொடுத்தது திருவிழா வீடியோ ஒன்றுதான். அந்த வீடியோவில் வராத இலுப்பை மரத்தையும் அவள் சரியான இடத்தில் வைத்திருந்தாள். நேரில் பார்த்ததுபோல் வரைந்திருக்கிறாயே என்று அப்போது மெச்சினார். அவள் ஓரிக்கையில் அறை எடுத்துத் தங்கியிருக்கிறாள் என்பது தெரியும். அதற்குமேல் அவர் கேட்டதில்லை.

இப்போது மெச்சவில்லை. திருப்பத்தைப் போடு, இல்லாவிட்டால் இன்றோடு வேலை இல்லை என்றார். சென்னையில் ஆள் இருக்கிறது, கேமில் உன் பெயர்கூட வராது என்றார்.

"ஆள் வச்சிக்கோங்க சார். நான் போட மாட்டேன்."

"அவ்ளோ திமிரா?"

"கரடிக்குப் பயந்து ஓடறவனே திரும்பறதில்ல சார். சாமி வர்ற தேரு எதுக்குத் திரும்பணும்?"

அவர் போனை எடுத்தார். அப்படி என்னதான் வைத்திருக்கிறாள் என்று பார்த்துவிடும் வேகம். மதகு வந்தது. வலப்பக்கம் போன விரலை இழுத்துப் பிடித்துக்கொண்டார். தேர் மதகில் ஏறி இறங்கியது.

புதுத் தெரு. தகரக் கூரை வீடுகள், கைப்பம்பு, ஓரமாக நின்ற ஆட்டோ, சின்னதாக ஒரு மாதா கோயில். வாசலுக்கு வாசல் கோலம். நீலக் கதவுக்கு முன்னால் ஒரு பெண், கையில் தட்டு, தட்டில் தேங்காயும் கற்பூரமும்.

அவள் முன் தேர் நின்றது. ஓட்டமும் நின்றது. கற்பூரம் எரிந்து முடிந்த பிறகே மறுபடி கிளம்பியது.

கரடியும் நாயும் எங்கேயும் நிற்கவில்லை. மாணிக்கவேல் மற்ற இரண்டு போன்களையும் ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

"எந்த கேம்லேர்ந்து சுட்ட இந்தத் தெருவ? யாரு இந்தப் பொம்பள? நின்னதுக்கு ஒரு காயின்கூடத் தரல."

அபி கணினியைத் தன் பக்கம் திருப்பினாள். வெளியிடும் பொத்தானை அழுத்தினாள். பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"எங்கம்மா சார். வருஷா வருஷம் தட்டோட நிக்கிறாங்க. நீங்கதான் மதகாண்ட திரும்பிடுறீங்க."