மூன்றாவது மன்னிப்பு

அழகுமுத்துவை மன்னிப்பதற்காகக் கோகுலராஜ் அந்த வாரத்தில் மூன்றாம் முறையாக டிக்கோயாவுக்கு வந்திருந்தான். நோயாளியைப் பார்க்க வந்தவனைப் போல, கையில் ஒரு சீப்பு வாழைப்பழம் வைத்திருந்தான்.

கராஜின் பெயர்ப்பலகை சுவரிலிருந்து இறக்கப்பட்டுத் தரையில் கிடந்தது. அழகுமுத்து ஒவ்வொரு ஸ்பேனராகத் துடைத்து, அளவு வரிசை பிசகாமல் தகரப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தான்.

"என்னண்ணே இது? ஒரு எஞ்சின் போனதுக்குக் கராஜையே மூடுவாங்களா?"

"எஞ்சினா போச்சு? என் கையில்ல தம்பி போச்சு. நாளையிலருந்து தேயிலை ஃபெக்டரியில கூட்டிப் பெருக்கப் போறேன். டீமேக்கர் ஐயாகிட்டச் சொல்லியாச்சு."

தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் லயத்தில் பிறந்து, தன் பெயரில் ஒரு பலகையை மாட்டியவன் அந்தத் தோட்டத்தில் அவன் ஒருவனே. அதை அவன் மனைவி சண்முகவடிவு எவரையும் மறக்க விட்டதில்லை. அவள் உள்ளிருந்து தேநீரோடு வந்தாள்.

"நல்லா சொல்லுங்க தம்பி. நான் சொன்னா பொம்பளப் பேச்சு. நீங்க சொன்னா மொதலாளி பேச்சு, காதுல ஏறும். நேத்து பிரேக் பார்க்க வந்த லொறிய அப்படியே திருப்பி அனுப்பிட்டாரு."

"என் கையால பிரேக்கக் கட்டி, வளைவுல ஆள் செத்தா யாரு பொறுப்பு?" என்றான் அழகுமுத்து.

பழுதான எஞ்சின் கோகுலராஜின் காருடையது. ஹட்டன் கடைவீதியில் துணிக்கடை வைத்திருந்த குடும்பத்துப் பிள்ளை அவன். பதினேழு ஆண்டுப் பழைய டர்போ கார் ஒன்றின் மேல் அவனுக்குத் தீராத பித்து. நானூறு மீட்டரைப் பதினாறரை விநாடியில் ஓடிய அக்காரை, அழகுமுத்து ஐந்து மாதம் உழைத்துப் பதினாலேகால் விநாடிக்குக் கொண்டுவந்தான்.

பின் இருக்கைகளைக் கழற்றினான். புகைக்குழாயை அகலப்படுத்தினான். பழைய லொறியொன்றின் காற்றுக் குளிர்விக்கும் கூலரை வெட்டிச் சுருக்கி முன்புறம் பொருத்தினான். டர்போ தள்ளும் காற்றைக் கூட்டவும் குறைக்கவும் ஒரு திருகாணி வைத்தான். மலைமேலேயே அம்பேவெலப் பக்கத்தில் கிடைத்த ஒரே நேர்ச்சாலையில் காரை ஓட்டிப் பார்த்தபோது, விநாடிக் கடிகாரத்தைப் பிடித்தவள் சண்முகவடிவு.

"இன்னுங் கொஞ்சம் திருகலாமாண்ணே?" என்று புறப்படும் வேளையில் கோகுலராஜ் கேட்டிருந்தான்.

"வேணாந் தம்பி. இதுக்கு மேல அரைச் சுத்து வச்சாலும் பிஸ்டன் உருகிரும்." அவ்வளவோடு நில்லாமல், திருகாணியின் தலையில் வெள்ளை மையால் ஒரு கோடும் போட்டுக் கொடுத்தான்.

பந்தயம் ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு, கடலோரத்துப் பழைய விமான ஓடுதளத்தில். மலையிறங்கிப் போய்ச்சேர ஐந்து மணி நேரம் ஆகும் என்பதால், கோகுலராஜ் சனிக்கிழமையே தனியாகப் புறப்பட்டான். ஞாயிறன்று, கோயிலில் உச்சிப் பூசை மணி ஒலித்துக்கொண்டிருந்தபோது, ஒரு லொறி அந்தக் காரைச் சுமந்துவந்து கராஜ் வாசலில் இறக்கியது.

பிரித்துப் பார்த்தால், இரண்டு பிஸ்டன்கள் மெழுகாய் உருகியிருந்தன. திருகாணியோ வெள்ளைக் கோட்டில் அசையாமல் நின்றது. கோட்டைப் போட்டவன் தான். ஆகவே பிழையும் தன்னுடையதே என்பதில் அழகுமுத்துவுக்கு ஐயம் இருக்கவில்லை.

காரணத்தையும் அவனே தேடிக் கண்டான். மலையில் காற்று மெலிது, கடலோரத்தில் கனம். இங்கே சரியாக இருந்த அளவு அங்கே மிஞ்சிப்போய், எஞ்சினைக் கொதிக்க வைத்துவிட்டது. மலைச்சரிவிலுள்ள வட்டவளைக்குக் கீழே இறங்கி ஒரு கார்கூடத் திருத்தியறியாத தனக்கு அது தோன்றாமல் போயிற்றே என்று, அன்று கோகுலராஜின் முன்னால் தலையில் அடித்துக்கொண்டான்.

"நான் ஒங்கள ஒரு வார்த்த திட்டுனேனாண்ணே?" என்றான் கோகுலராஜ் இப்போது.

"அதுதான் தம்பி தாங்கல. நாலு அறை அறைஞ்சிருந்தீங்கன்னா அன்னைக்கே சோறு எறங்கியிருக்கும். நீங்க என்னடான்னா பழம் வாங்கிட்டு வர்றீங்க."

"பழத்தையாவது தின்னுங்களேன்," என்றாள் சண்முகவடிவு. "மொத வாட்டி கொண்டாந்தது கறுத்தே போச்சு."

கோகுலராஜ் சிரிக்கவில்லை. தேநீரைக் குடிக்கவும் இல்லை. கோப்பையைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டிருந்தான்.

"வேற ஆளா இருந்தா ஊரெல்லாம் சொல்லிச் சிரிச்சிருப்பான்," என்றான் அழகுமுத்து. "நீங்க கடையிலகூட யார்கிட்டயும் மூச்சு விடலயாம். ஒங்க மனசு யாருக்கும் வராது தம்பி."

"போதும்ணே."

"இல்ல, சொல்லணும். கீழ எறங்குனதும் அரைச் சுத்து தளர்த்துங்கன்னு ஒரு வார்த்த சொல்ல மறந்தவன் நான். அப்படிப்பட்டவன் இனி இதெல்லாம் தொடக்கூடாது."

கடைசி ஸ்பேனரையும் வைத்து, அழகுமுத்து தகரப் பெட்டியை மூடப்போனான். கோகுலராஜின் கை குறுக்கே வந்து மூடியைப் பிடித்துக்கொண்டது. அவன் முகம் மட்டும் நிமிரவில்லை.

"நான் மலைய விட்டு எறங்கவே இல்லண்ணே. திருகாணியக் கோட்டுக்குத் திருப்பி வச்சது நான்தான்."