நாக்கில் ஒட்டும் எலும்பு

கல்லா எலும்பா என்று சந்தேகம் வந்தால் புதைபடிவம் தேடுபவர்கள் நாக்கில் வைத்துப் பார்ப்பார்கள். கல்லாகிப்போன எலும்பு ஒட்டிக்கொள்ளும், வெறும் கல் ஒட்டாது. எழிலரசி தன் வாழ்நாளில் கண்டெடுத்தது ஒரே ஒரு டைனோசர் வாலெலும்பு. அருங்காட்சியகத்துக்காக அதையே அச்சாக வைத்து, மீதி வாலை பிளாஸ்டரில் வார்த்தாள். அசல் எது என்று தெரிய, வார்த்தவற்றுக்கு வெளிர்நிறம் பூசுவது வழக்கம். "பார்க்க நல்லால்லம்மா, எல்லாத்துக்கும் ஒரே பெயின்ட் அடிச்சிருங்க" என்றார் இயக்குநர். அடித்தாள். அவள் ஓய்வுபெற்ற பிறகு வாலைக் கழற்றித் துடைத்து, கம்பியில் இடம் மாற்றிக் கோத்துவிட்டார்கள். இன்று டிக்கெட் வாங்கிக்கொண்டு வந்தவள், தடுப்புக் கயிற்றைத் தாண்டிப் போய்க் குனிந்து, தன் எலும்பைத் தேடி ஒவ்வொன்றிலும் நாக்கை வைத்தாள். பெயின்ட் கசந்தது. எதுவும் ஒட்டவில்லை.

"தாண்டி வராதீங்கம்மா" என்றார் புதிதாக வந்திருந்த காவலாளி. "அத்தனையும் நெஜ எலும்பு."

எழிலரசி தன் மணிக்கட்டை நாக்கில் வைத்துப் பார்த்தாள்.