வாய்க்கால் எந்தப் பக்கம்?

“அந்தப் பழைய மேப் வந்துடுச்சாம்மா?”

பல் டாக்டர் மறுபடியும் வந்து நின்றார்.

ஆவணக் காப்பகத்தின் வரைபட அறைக்குப் பொறுப்பு அவள்தான். தலையை நிமிர்த்தாமலே பதில் சொன்னாள். “இல்ல சார். பழுது பார்க்கப் போயிருக்கு.”

“எப்போ வரும்?”

“பழைய காகிதம் சார். அவசரப்பட்டா பொடிப்பொடியா உதிர்ந்துடும்.”

சொன்னது பச்சைப் பொய். மேப் பக்கத்து அறையில், துணிச் சுருள்களுக்குப் பின்னால் பத்திரமாக இருந்தது. ஒளித்து வைத்தவளே அவள்தான்.

காரணம் பைண்டர் அக்கா. கிழிந்த மேப்புகளுக்குத் துணி ஒட்டி உயிர் கொடுப்பவள். கல்யாணமான நாளிலிருந்து குடியிருக்கும் ஓட்டு வீட்டின் கதவில், வீட்டை இடிப்பது பற்றி விசாரணை என்று நகராட்சி நோட்டீஸ் ஒட்டிவிட்டுப் போயிருந்தது.

மழை பெய்தால் அந்தத் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர். ஒரு காலத்தில் அங்கே வாய்க்கால் ஓடியதாம். அதைத் திரும்பத் தோண்டப் போகிறார்கள். பள்ளமான வரிசையில் இருப்பவை சின்ன வீடுகள். அவைதான் வாய்க்காலை அடைத்துக்கொண்டு நிற்கின்றன என்று தெருவே பேசியது. அந்த வீட்டுக்காரர்களும் அப்படித்தான் நம்பினார்கள்.

அந்த வரிசைக்கு நேர் எதிரே பல் டாக்டரின் மாடி வீடு. கீழே கிளினிக், மேலே குடித்தனம்.

“எங்க ஓட்டைப் பாத்துப் பாத்து அவருக்குக் கண்ணு கூசுதாக்கும்,” என்றாள் பைண்டர் அக்கா. “இல்லாட்டி பல்லைப் பிடுங்கற மனுஷனுக்கு மேப் எதுக்கு மேடம்?”

“அக்கா, நாமளே ஒரு தடவை விரிச்சுப் பாத்துடலாமா?”

“ஐயோ, வேண்டாம். கண்ணால பாத்துட்டா அப்புறம் எனக்குத் தூக்கம் ஏது?”

மேப் சுருளாகவே கிடந்தது.

டாக்டரோ விடுவதாக இல்லை. “வேற மேப் ஏதாவது இருந்தா கொடுங்கம்மா,” என்றார்.

ஒளித்து வைத்த மேப்புக்கு அடுத்த தலைமுறையில் வரைந்ததை எடுத்துக் கொடுத்தாள். ஆளை விட்டால் போதும் என்றிருந்தது. அவர் அதன்மேல் கண்ணாடிக் காகிதத்தைப் பரப்பி, இன்றைய தெருக்களைப் பென்சிலால் வரைந்தார். கிளினிக்கைப் பூட்டிவிட்டுத் தினமும் மதியம் வந்தார்.

“இங்க பாருங்கம்மா! நம்ம காய்கறி மார்க்கெட் இருக்கே, அது அப்போ குளம். நீங்க பஸ் ஏறுற இடம் குதிரை லாயம்!”

அவளும் தன்னை மறந்து எட்டிப் பார்த்தாள். “அப்போ எங்க தெரு?”

“உங்க தெருவா? வெறும் புதர். நரி ஓடியிருக்கும்.”

சிரிப்பு வந்துவிட்டது. சட்டென்று அடக்கிக்கொண்டாள்.

“வாய்க்கால்தான் தெரியலை,” என்றார் டாக்டர். “ஆலைகிட்ட ஆரம்பிக்குது, ஆத்தங்கரையில முடியுது. எங்க கிளினிக் தெரு வர்ற இடத்துல ஒண்ணுமே வரையலை. இதுக்குள்ள தூர்ந்து போயிருக்கும். அதுக்கு முந்தின மேப் இருந்தாத்தான் நிச்சயமா சொல்ல முடியும்.”

‘நிச்சயமா சொல்லி, அடுத்தவன் வீட்டை இடிக்கணும். அவ்வளவுதானே?’ நினைத்ததைச் சொல்லாமல் நகர்ந்தாள்.

விசாரணைக்கு முதல் நாளும் வந்தார். சவரம்கூடச் செய்யவில்லை.

“இன்னைக்காவது கிடைக்குமாம்மா?”

“கிடைக்காது சார்.”

“நாளைக்கு விசாரணை. அது இல்லாம நான் போய் என்ன பேசினாலும் எடுபடாதும்மா.”

அவளுக்குப் பொறுக்கவில்லை.

“எடுபட வேண்டாம்! உங்களுக்கு மாடி இருக்கு, கிளினிக் இருக்கு. அந்த ஜனங்களுக்குத் தலைக்கு மேல ஒரு ஓடுதான் இருக்கு. அதையும் பிடுங்கணுமா? அதுக்கு என் கையால மேப் எடுத்துத் தரணுமா?”

 டாக்டர் பதில் சொல்ல வாயெடுத்தார். 

அதற்குள் பக்கத்து அறைக் கதவு திறந்தது. பைண்டர் அக்கா மேப் சுருளோடு வந்து நின்றாள். 

“போதும் மேடம். ஒளிச்சு வச்சுட்டு எத்தனை நாள் மடியில நெருப்பைக் கட்டிக்கிட்டு இருக்கறது? இருக்கறது இருக்கட்டும், போறது போகட்டும்.”

மேஜையில் விரித்தாள். மூன்று பேரும் குனிந்தார்கள்.

நீலக் கோடு ஆலையைத் தாண்டி வந்தது. குளத்தைத் தொட்டது. அவர்கள் தெரு இருக்கும் இடத்துக்கு வந்து, லேசாக வளைந்து, ஆற்றைப் பார்க்கப் போனது.

பைண்டர் அக்காவின் விரல் கோட்டோடு போனது. இரண்டாம் முறையும் போனது.

“மேடம்... எங்க வரிசை இருக்கற இடத்துல தோட்டம்னுல்ல போட்டிருக்கு! வாய்க்கால் எங்க பக்கம் வரவே இல்லையே!”

“அப்போ இது யார் வீட்டுமேல போகுது?” என்றாள் அவள் குழப்பத்தோடு.

டாக்டர் நீண்ட பெருமூச்சு விட்டார்.

“என் வீட்டு மேலம்மா. கிளினிக்குக்குப் பின்னால குழி தோண்டினப்பவே செங்கல் கரை தட்டுப்பட்டுச்சு. நகராட்சி இன்ஜினியர்கிட்ட சொன்னா, மேப்ல இருந்தாத்தான் ஏத்துப்பேன்னுட்டார். சீக்கிரம் ஒரு நகல் போட்டுக் கொடுங்க. நாளைக்கு விசாரணையில இதைக் காட்டிட்டா, எதிர் வரிசைக்காரங்க வீடெல்லாம் தப்பிச்சுடும்.”