நாற்றங்காலில் ஒரு சிடி

குத்தாலம் பிரவுசிங் சென்டரில் லினக்ஸ் திரை மறுபடியும் கையை விரிக்கிறது. இன்னொரு லைப்ரரி, அதாவது துணைநிரல் தொகுப்பு, இல்லையாம். வெள்ளிக்கிழமை விடுமுறையில் ஷார்ஜாவில் கணவன் அஸார் காத்திருக்க, அவனோடு பேசுவதற்கான மென்பொருளை மூலநிரலிலிருந்து கம்பைல் செய்து உருவாக்கிக்கொண்டிருக்கிறாள் ஃபஹ்மிதா. ஒன்றைக் கொடுத்தால் அது இன்னொன்றைக் கேட்கிறது. எல்லாம் லினக்ஸோடு வந்த இரண்டாவது சிடியில் இருக்கின்றன. "அந்த சிடி எங்க இருக்குண்ணே?" கடைக்காரர் அமிர்தலிங்கம் பல்லைக் குத்திக்கொண்டே சொல்கிறார், "அதுல படம் ஒண்ணும் ஓடலம்மா. பின்னால நாத்தங்கால்ல குருவி வெரட்டக் கட்டிட்டேன்." ஜன்னலுக்கு வெளியே குச்சியில் தொங்கும் சிடி வெயிலில் சுழன்று, அவர் வழுக்கையில் வட்டமாக ஒளியடிக்கிறது. இந்தத் தலைக்கு இதுவரை கிடைத்த வெளிச்சம் இவ்வளவுதான் என்று நினைத்துக்கொள்கிறாள். அதே குச்சியின் உச்சியில் குருவி ஒன்று சாவகாசமாக உட்கார்ந்து விதைநெல்லை உரித்துக்கொண்டிருக்கிறது.